ஓட்டத்தையும் ஆட்டத்தையும் படம்பிடிக்க: குறைந்த செலவில் டிஜிட்டல் கேமரா தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

அசையாமல் நிற்கும் ஒன்றைப் படம்பிடிக்க, கடந்த பத்து ஆண்டுகளில் வெளிவந்த ஏறக்குறைய எந்தக் கேமராவும் போதும். ஓடுகிற, பாய்கிற, சுழல்கிற ஒன்றைப் படம்பிடிக்கும்போதுதான் ஒரு கேமராவுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. குடும்பப் படங்களில் குறையே காண முடியாத கேமரா, கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கும்போது பத்துக்கு ஒன்பது படங்களைக் கலங்கலாகத் தருவது இதனால்தான். இதற்குக் கைநடுக்கம் காரணமல்ல. விலை குறைவு என்பதும் தன்னளவில் காரணமல்ல.

வேகம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் நான்கு வேகங்கள்: ஷட்டர் திறந்து மூடும் வேகம், ஆட்டோஃபோகஸ் (பொருளைத் தானாகத் தெளிவாக்கும் அமைப்பு) பொருளைப் பின்தொடரும் வேகம், ஒரு நொடியில் எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கை, எடுத்த படங்களை மெமரி கார்டில் எழுதி முடிக்கும் வேகம். இவற்றில் எது மிகவும் பின்தங்கியிருக்கிறதோ அதுதான் அந்தக் கேமராவின் உண்மையான வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் மூன்றாவது மட்டுமே. குறைந்த பணத்தில் வாங்குகிறவர் செய்ய வேண்டியது, தனக்குத் தேவையான வேகம் எது என்பதை முதலில் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் பணம் கொடுப்பது.

படி 1: எதை, எவ்வளவு தொலைவிலிருந்து, எந்த ஒளியில்?

எந்தக் கேமராவின் பெயரையும் தேடுவதற்கு முன், இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதுங்கள். "விளையாட்டுப் படங்கள்" என்று எழுதினால் போதாது. "உள்ளரங்கில் பேட்மின்டன், 8 மீட்டர் தொலைவு, கூரை விளக்கு" என்றோ, "திறந்த மைதானத்தில் கால்பந்து, 20 முதல் 60 மீட்டர், மாலை வெயில்" என்றோ, "என் சைக்கிளின் கைப்பிடியிலிருந்து, மழையிலும்" என்றோ எழுதுங்கள். இந்த மூன்று வரிகளும் மூன்று வெவ்வேறு கருவிகளைக் கேட்கின்றன. ஒன்றுக்கு மிகச் சரியானது மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகலாம்.

அடுத்து, தேவையான ஷட்டர் வேகத்தைக் கணக்கிடுங்கள். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 10.4 மீட்டர். பக்கவாட்டில் ஓடும் அத்தகைய ஒருவரை 1/250 நொடியில் படம்பிடித்தால், ஷட்டர் திறந்திருக்கும் அந்த நேரத்துக்குள் அவர் உடல் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 நொடியில் அது 1 சென்டிமீட்டராகக் குறைகிறது. கைகளும் கால்களும் உடலைவிட வேகமாக வீசப்படுவதால், முகம் தெளிவாக இருந்தும் பாதம் மட்டும் மங்கிய படங்கள் கிடைப்பது இயல்பு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து 1/1000 நொடியில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நகர்கிறது, அதாவது தன் விட்டத்தில் பாதிக்கும் மேல். அதன் தையல் தெரிய வேண்டுமானால் 1/4000 நொடி தேவைப்படும்.

ஓடி விளையாடும் குழந்தைகளுக்கு 1/500, மைதான விளையாட்டுகளுக்கு 1/1000, மட்டை வீச்சுக்கும் பறக்கும் பறவைக்கும் 1/2000 என்பதைத் தொடக்க அளவாகக் கொள்ளலாம். பொருள் கேமராவை நோக்கி நேராக வருமானால் இவற்றைவிடக் குறைந்த வேகமும் தாங்கும். குறுக்காகக் கடந்தால் தாங்காது.

இந்த ஷட்டர் வேகங்கள் எல்லாம் தொடக்கநிலைக் கேமராக்களிலேயே இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 1/4000 நொடி வரை கிடைக்கிறது. தட்டுப்பாடு ஒளிக்குத்தான். ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி பாதியாகிறது.

படி 2: ஒளியின் கணக்கு

நல்ல வெயிலில் எஃப்/5.6 அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 200, 1/1600 நொடி என்ற அமைப்பு சரியான வெளிச்சத்தைத் தருகிறது. ஆகவே பகல்வெளியில் மட்டும் படம்பிடிக்கிறவருக்கு விலை குறைந்த ஜூம் லென்ஸே போதும். பெரிய சென்சாருக்கும் அகலமான அபெர்ச்சருக்கும் அவர் செலவழிக்க வேண்டியதில்லை.

உள்ளரங்கின் நிலைமை முற்றிலும் வேறு. ஓரளவு நன்றாக ஒளியூட்டப்பட்ட ஓர் அரங்கில் எஃப்/2.8 அபெர்ச்சரில் 1/500 நொடி வேகம் பெற, ஐஎஸ்ஓ 1600 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். அதே இடத்தில், மலிவு ஜூம் லென்ஸ் தன் நீண்ட முனையில் தரக்கூடிய எஃப்/5.6 அபெர்ச்சரைப் பயன்படுத்தினால் ஐஎஸ்ஓ 6400 ஆகிறது. ஷட்டரை 1/1000 நொடிக்கு உயர்த்தினால் 12800 ஆகிறது. சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ 12800 என்பது முகத்தின் நுணுக்கங்களை மணல் தூவியதுபோல் மறைத்துவிடும்.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சென்சாரைப் பெரிதாக்குவது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச்சட்டக சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி வகையின் பரப்பு ஏறத்தாழ 330 முதல் 370. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. ஒரு அங்குல வகை எனப்படுவது 116. சாதாரண பாக்கெட் கேமராவில் இருப்பது 28 மட்டுமே. மற்றொரு வழி, லென்ஸை மாற்றுவது. எஃப்/1.8 அபெர்ச்சர் கொண்ட 85 மி.மீ. லென்ஸ், எஃப்/5.6 லென்ஸைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மேலே சொன்ன அரங்கில் 1/1000 நொடிக்கும்கூட அதற்கு ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்ட வேண்டியிராது. ஏபிஎஸ்-சி கேமராவில் பொருத்தினால் அது முழுச்சட்டகக் கேமராவில் 130 மி.மீ. லென்ஸ் தரும் நெருக்கத்தையும் தரும். ஜூம் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் பேட்மின்டன், கபடி, குத்துச்சண்டை, மேடை நடனம் போன்றவை ஒரே எல்லைக்குள் நடப்பதால், சரியான இடத்தில் நின்றால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. உள்ளரங்கில் படம்பிடிக்க விரும்பி, கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

இந்த இடத்தில் ஒரு பரவலான தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள நடுக்கத் தடுப்பு வசதி, படம்பிடிப்பவரின் கை நடுங்குவதை மட்டுமே ஈடுசெய்கிறது. எதிரே ஓடுகிறவரின் அசைவை அது ஒரு துளியும் உறையவைக்காது. 1/1000 நொடியில் நிழற்படம் எடுப்பவருக்கு அதனால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. வீடியோ எடுப்பவருக்கு அது இன்றியமையாதது.

படி 3: லென்ஸின் நீளம்

எவ்வளவு நீளமான லென்ஸ் (மி.மீ.யில் சொல்லப்படும் குவியத் தொலைவு; அது கூடக் கூடப் பொருள் பெரிதாகத் தெரியும்) தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நிற்கும் ஒரு மனித உருவம், படுக்கைவாட்டில் பிடித்த சட்டத்தின் உயரத்தில் பாதியை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஏபிஎஸ்-சி கேமராவில் தொலைவை மீட்டரில் அளந்து அதை நான்கால் பெருக்கிச் சற்றுக் கூட்டிக்கொண்டால் போதும்: 30 மீட்டருக்கு ஏறத்தாழ 130 மி.மீ., 50 மீட்டருக்கு 215 மி.மீ., 70 மீட்டருக்கு 300 மி.மீ. முழுச்சட்டகக் கேமராவில் இதே தொலைவுகளுக்கு ஒன்றரை மடங்கு நீளம் தேவைப்படும். நீளமான லென்ஸின் விலை செங்குத்தாக ஏறுவதால், தொலைவிலிருந்து படம்பிடிக்கிறவர் குறைந்த செலவில் முழுச்சட்டகத்தைத் தேடுவது பெரும்பாலும் தவறான திசையில் செல்வதாகும்.

55-250 மி.மீ. அல்லது 70-300 மி.மீ. வகை ஜூம்கள் பகல்நேர மைதானத்துக்கு நல்ல தொடக்கம். எஃப்/2.8 அபெர்ச்சர் கொண்ட 70-200 மி.மீ. லென்ஸைத்தான் விளையாட்டுப் படக்காரர்கள் பெரும்பாலும் கையில் வைத்திருப்பார்கள். புதிதாக வாங்கினால் அது ஒரு கேமராவின் விலையைத் தாண்டிவிடும், ஆனால் அதன் முந்தைய தலைமுறைகள் பயன்படுத்திய நிலையில் கிடைக்கின்றன. மொத்தப் பணத்தில் பாதியையாவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள். கேமரா உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த உடலுக்கும் பயன்படும்.

படி 4: ஆட்டோஃபோகஸ்

தெளிவில்லாத விளையாட்டுப் படங்களில் பெரும்பகுதி ஷட்டர் வேகத்தால் கெடுவதில்லை. ஃபோகஸ் பின்னணியில் விழுந்ததால் கெடுகிறது. ஆகவே இந்தப் படியில் செலவிடும் நேரம் வேறு எதிலும் செலவிடும் நேரத்தைவிடப் பயனுள்ளது.

ஃபோகஸ் செய்யும் முறைகளில் இரண்டு அடிப்படை வகைகள் உண்டு. மாறுபாட்டை அளக்கும் முறையில், கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எங்கே விளிம்புகள் கூர்மையாகின்றன என்று தேடுகிறது. எந்தத் திசையில் நகர்த்த வேண்டும் என்பது அதற்கு முன்கூட்டித் தெரியாது. கட்ட வேறுபாட்டை அளக்கும் முறையில், லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒரே அளவீட்டில் கேமரா அறிந்துகொள்கிறது. நகரும் பொருளுக்கு இரண்டாவது முறைதான் தேவை. உள்ளே கண்ணாடி கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமராக்களில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது இந்த முறை எப்போதும் கிடைக்கிறது. ஆனால் பின்திரையைப் பார்த்து எடுக்கும்போதும் வீடியோ எடுக்கும்போதும் பழைய டிஎஸ்எல்ஆர்களில் பல முதல் முறைக்கு இறங்கிவிடுகின்றன. கேனான் 2013இல் வெளியிட்ட 70டி மாடலில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து சென்சாரிலேயே கட்ட வேறுபாட்டை அளக்கும் டூயல் பிக்சல் முறையை அறிமுகப்படுத்தியது. 2014இல் வந்த சோனி ஏ6000, சென்சாரில் 179 கட்ட வேறுபாட்டுப் புள்ளிகளுடன் நொடிக்கு 11 படங்கள் எடுத்தது. பானாசோனிக் தன் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) வரிசையில் 2023இல்தான் கட்ட வேறுபாட்டு முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய அதன் கேமராக்கள் வீடியோவில் பல சிறப்புகளைக் கொண்டிருந்தாலும், கேமராவை நோக்கி ஓடி வருகிறவரைத் தொடர்வதில் தடுமாறக்கூடியவை.

அடுத்த பெரிய மாற்றம், பொருளை அடையாளம் காணும் மென்பொருள். முகத்தையும் கண்ணையும் கண்டுபிடித்து, அவர் திரும்பி முகம் மறைந்தாலும் உடலைத் தொடர்ந்து பின்பற்றும் முறைகள் நடுத்தர விலைக்கு இறங்கியது 2019இல் சோனி ஏ6400 வெளிவந்த காலத்தில்தான். அதற்கு முந்தைய கேமராவை வாங்கினால், ஃபோகஸ் புள்ளியைப் பொருளின்மீது வைத்திருக்கும் வேலை உங்களுடையது. அது கற்கக்கூடிய திறமைதான். ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஃபோகஸை நகர்த்துவது லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மிகச் சிறந்த உடலில் மந்தமான மோட்டார் கொண்ட பழைய லென்ஸைப் பொருத்தினால் கிடைப்பது மந்தமான ஃபோகஸ். நிக்கானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஆகவே மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் அவற்றில் கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகும். டி7000 வரிசையிலும் டி500இலும் மோட்டார் உண்டு.

கடையிலோ விற்பவரின் முன்னிலையிலோ இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தொடர் ஃபோகஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். நிக்கானிலும் சோனியிலும் அது ஏஎஃப்-சி என்றும், கேனானில் சர்வோ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். உடன் வந்தவரை 10 மீட்டர் தொலைவிலிருந்து உங்களை நோக்கி விரைந்து வரச் சொல்லித் தொடர்ச்சியாகப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கி, கண் இமை தெளிவாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். 20 படங்களில் 15 தெளிவாக இருந்தால் அது நம்பத்தக்க கேமரா. முதல் படம் மட்டும் தெளிவாக இருந்து, அவர் அருகே வர வர மற்றவை மங்கிக்கொண்டே போனால், மற்ற எந்தச் சிறப்பைக் காட்டினாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: நொடிக்கு எத்தனை படம், எத்தனை நொடிக்கு?

நொடிக்கு 10 படங்கள், ஒவ்வொன்றும் 1/1000 நொடி என்றால், கேமரா அந்த ஒரு நொடியில் பார்ப்பது நூற்றில் ஒரு பங்கை மட்டுமே. மீதி 99 பங்கு அதற்குத் தெரியாமல் கடந்து போகிறது. முன்பு சொன்ன கிரிக்கெட் பந்து இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் கடந்துவிடும். ஆகவே மட்டையில் பந்து படும் கணத்தைத் தொடர் படப்பிடிப்பு பிடித்துத் தரும் என்று நம்பக் கூடாது. அதைத் தருவது ஆட்டத்தை அறிந்து சற்று முன்னதாகப் பொத்தானை அழுத்தும் விரல். நொடிக்கு 5 படங்கள் குறைவு என்று சொல்லலாம். 8 முதல் 11 வரை இருந்தால், இந்த எண்ணுக்காக மேலும் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த எண்ணைப் படிக்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் புதுப்பிக்கப்படுகிறதா, அல்லது முதல் படத்தின் ஃபோகஸே கடைசி வரை நிலைக்கிறதா என்று பாருங்கள். ஒலிம்பஸ் 2016இல் வெளியிட்ட இ-எம்1 மார்க் 2 நொடிக்கு 60 படங்கள் எடுக்கும். ஆனால் ஃபோகஸைத் தொடர்ந்தபடி எடுப்பது 18 மட்டுமே. 18 என்பதும் மிகப் பெரிய எண்தான் என்றாலும், இரண்டுக்கும் உள்ள தொலைவைக் கவனியுங்கள். இத்தகைய உயர்ந்த எண்கள் பெரும்பாலும் மின்னணு ஷட்டரில் கிடைப்பவை. அந்த ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், வீசப்படும் மட்டை வளைந்தும், விரையும் சக்கரம் சாய்ந்தும் பதிவாகும். இந்தக் குறையை நீக்கும் அடுக்குச் சென்சார்கள் இன்னும் மலிவு விலைக்கு இறங்கவில்லை.

இனி, எழுதும் வேகம். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா (பதப்படுத்தாத மூலத் தரவு) கோப்பு ஏறத்தாழ 25 மெகாபைட் என்றால், நொடிக்கு 10 படங்கள் 250 மெகாபைட் ஆகின்றன. யுஎச்எஸ்-1 வகை கார்டின் பாதை உச்சமாகவே 104 மெகாபைட்டைத்தான் கடத்தும். மிஞ்சியவை பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் குவிகின்றன; 20 படங்களைத் தாங்கும் பஃபர் மூன்று நொடிகளில் நிரம்பி, கேமரா திக்கத் தொடங்கும். கோல் விழுவது பெரும்பாலும் நான்காவது நொடியில்தான். இதற்குச் செலவில்லாத தீர்வு, சுருக்கப்பட்ட ஜேபெக் வடிவில் எடுப்பது: கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால் எழுதும் வேகமும் எடுக்கும் வேகமும் ஏறக்குறைய சமமாகின்றன. தொழில்முறை விளையாட்டுப் படக்காரர்களே பலர் ஜேபெக்கில்தான் எடுக்கிறார்கள் என்பதால், இதை ஒரு தாழ்வாகக் கருத வேண்டியதில்லை.

படி 6: வீடியோவுக்கான தனிக் கேள்விகள்

நிழற்படத்தில் சிறந்த கேமரா வீடியோவிலும் சிறந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2018இல் வந்த கேனான் எம்50 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. முழு எச்டி வீடியோவில் அதன் டூயல் பிக்சல் ஃபோகஸ் அருமையாகச் செயல்படுகிறது. 4கே முறைக்கு மாறியவுடன் அந்த ஃபோகஸ் முறை அணைந்துவிடுகிறது, காட்சியின் ஓரங்களும் பெரிதாக வெட்டப்படுகின்றன. பெட்டியின்மேல் "4கே" என்றுதான் அச்சாகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கேமராவிலும், நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே முறையில் ஃபோகஸ் தொடர்கிறதா, காட்சி வெட்டப்படுகிறதா என்ற இரண்டையும் கேளுங்கள்.

அசைவுக்கு 4கே தெளிவைவிட நொடிக்கு எத்தனை சட்டங்கள் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. நொடிக்கு 50 அல்லது 60 சட்டங்களில் எடுத்தது ஓட்டத்தை வழுவழுப்பாகக் காட்டும். பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும் இடம் தரும். 120 சட்டங்களில் எடுத்து 30இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும். ஒரு பந்து வீச்சாளரின் மணிக்கட்டையோ நீச்சல் வீரரின் பாய்ச்சலையோ ஆராய அது போதும். முழு எச்டியில் 120 சட்டங்கள் தரும் கேமராக்கள் மலிவாகவே கிடைக்கின்றன.

வீடியோவில் ஷட்டர் வேகத்தின் விதி தலைகீழாகிறது. சட்ட எண்ணிக்கையின் இருமடங்கு என்பதே வழக்கம்: 25 சட்டங்களுக்கு 1/50, 50 சட்டங்களுக்கு 1/100. ஒவ்வொரு சட்டத்திலும் சிறிது மங்கல் இருந்தால்தான் கண்ணுக்கு அசைவு இயல்பாகத் தோன்றும். நண்பகல் வெயிலில் இந்த வேகத்தைப் பிடிக்க, லென்ஸின்மேல் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும். 4கே வீடியோவிலிருந்து 8 மெகாபிக்சல் நிழற்படங்களைப் பிரித்தெடுக்கலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். 1/50 நொடியில் எடுத்த சட்டத்தில் ஓடுகிறவர் தெளிவாக இருக்க மாட்டார்.

விளக்கொளியில் இன்னொரு சிக்கல் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் விளக்குகளில் பல நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 60 ஹெர்ட்ஸில் 120 முறை. வீடியோவில் இது நகரும் பட்டைகளாகவும், தொடர் நிழற்படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் தெரியும். வீடியோவுக்கு 1/50, 1/100 அல்லது 60 ஹெர்ட்ஸில் 1/60, 1/120 என்று ஷட்டரைப் பொருத்துவது தீர்வு. நிழற்படத்துக்கு, விளக்கின் உச்ச ஒளியில் ஷட்டரைத் திறக்கும் மினுக்கு தடுப்பு வசதி வேண்டும். உள்ளரங்குக்காரர்கள் அது இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒலிவாங்கி செருகும் துளை சோனி ஏ6000, நிக்கான் டி3500 ஆகியவற்றில் இல்லை என்பது வீடு வந்த பிறகு தெரியவந்தால் வருத்தமே மிஞ்சும். பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் பதிவைத் தாமாகவே நிறுத்திவிடும். சில அதற்கும் முன்பே வெப்பத்தால் நிற்கும். ஆட்டம் முழுவதையும் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டையும் விசாரியுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் வீடியோ 12.5 மெகாபைட்டைத்தான் கேட்கிறது. ஆகவே வி30 (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்) குறியிட்ட கார்டே தாராளம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் நிரம்பும்.

உடலிலோ தலைக்கவசத்திலோ சைக்கிளிலோ பொருத்தி எடுக்க வேண்டுமானால், மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஆக்‌ஷன் கேமராவை வாங்குங்கள். 2018இல் வந்த கோப்ரோ ஹீரோ7 பிளாக்கிலிருந்து இவற்றின் மின்னணு நடுக்கத் தடுப்பு மிக நன்றாகிவிட்டது; 10 மீட்டர் ஆழம் வரை தனி உறை இல்லாமலேயே நீரைத் தாங்கும். இரண்டு தலைமுறை பழையதை வாங்கினாலும் இழப்பு சிறிதே. ஆனால் அதன் அகன்ற கோணத்தில் 20 மீட்டருக்கு அப்பாலுள்ள ஆட்டக்காரர் எறும்பாகத் தெரிவார். மங்கிய அரங்கில் அதன் சிறிய சென்சார் திணறும்.

படி 7: எந்த வகை, எந்த மாடல்?

ஒரே விலையில் புத்தம்புதிய தொடக்கநிலைக் கேமராவும் சில ஆண்டுகள் பயன்படுத்திய உயர்நிலைக் கேமராவும் கிடைத்தால், அசைவைப் படம்பிடிக்க இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கநிலைக் கேமராவில் நிறுவனங்கள் முதலில் குறைப்பது ஃபோகஸ் புள்ளிகளையும் பஃபரையும்தான். டி3500 மாடலில் 11 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 5 படங்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்த டி500 மாடலில் 153 புள்ளிகள், நொடிக்கு 10 படங்கள்.

நிழற்படம் மட்டுமே முக்கியம் என்பவருக்கு நிக்கான் டி500, 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் விளையாட்டையும் பறவைகளையும் மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்ட ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர்கள். தூசியும் தூறலும் தாங்கும் உடல் கொண்டவை. கனமானவை என்பதையும், 7டி மார்க் 2இல் 4கே வீடியோ இல்லை என்பதையும் ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும். டி500இல் ஒரு கார்டு இடம் எக்ஸ்க்யூடி வகைக்கானது. சாதாரண எஸ்டி கார்டுக்கும் தனி இடம் இருப்பதால் கவலையில்லை.

நிழற்படமும் வீடியோவும் சம அளவில் வேண்டுமென்றால் மிரர்லெஸ் பக்கம் திரும்புங்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது சோனி ஏ6400. ஃபோகஸ் தொடர்வதே அதன் பலம், 4கே வீடியோவில் கேமராவை வேகமாகத் திருப்பினால் செங்குத்துக் கோடுகள் சாய்வது அதன் பலவீனம். 2018இன் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி3, 4கே வீடியோவை நொடிக்கு 60 சட்டங்களில் தருகிறது. 2022இன் கேனான் ஆர்10 இயந்திர ஷட்டரிலேயே நொடிக்கு 15 படங்கள் எடுக்கிறது, ஆனால் 60 சட்ட 4கேயில் காட்சியை வெட்டுகிறது. இவற்றுக்கும் பணம் போதாதென்றால் ஏ6000 இன்றும் பகல்வெளிக்குப் போதுமான கேமராதான். மிரர்லெஸ் கேமராக்களில் பல ஒரு மின்னேற்றத்துக்கு 300 அல்லது 400 படங்கள்தான் தரும் என்பதால், கூடுதல் மின்கலத்தின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

லென்ஸ் மாற்றவே விருப்பமில்லாதவருக்கு ஒரு அங்குல சென்சார் கொண்ட ஒற்றைத்துண்டுக் கேமராக்கள் உண்டு. 2014இன் பானாசோனிக் எஃப்இசட்1000, 25-400 மி.மீ. அளவுக்கு நிகரான ஜூமுடன் பகலில் மதிப்பான படங்களைத் தரும். 2017இன் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 அதைவிடப் பன்மடங்கு வேகமானது, விலையும் அப்படியே. 60 மடங்கு ஜூம் என்று விளம்பரப்படுத்தப்படும் மிகச் சிறிய சென்சார் கேமராக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படி 8: பழைய கேமராவைச் சோதித்தல்

விளையாட்டுக்குப் பயன்பட்ட கேமராவின் ஷட்டர் நிறைய உழைத்திருக்கும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணை விற்பவரிடம் கேளுங்கள். தொடக்கநிலை உடல்கள் 1,00,000 முறைக்கும், டி500, 7டி மார்க் 2 போன்றவை 2,00,000 முறைக்கும் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அதில் பாதியைத் தாண்டாததாகத் தேடுங்கள். அபெர்ச்சரை எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரைப் படம்பிடித்து, கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தூசியைத் துடைத்து அகற்றலாம், கீறலை அகற்ற முடியாது. லென்ஸின் பின்புறத்திலிருந்து கைபேசி விளக்கைப் பாய்ச்சி, சிலந்தி வலைபோன்ற பூஞ்சை இழைகள் உள்ளனவா என்று நோக்குங்கள். இருந்தால் எவ்வளவு குறைந்த விலையாயினும் வேண்டாம். கார்டு செருகும் இடத்தின் ஊசிகள், பொத்தான்கள், லென்ஸ் பொருந்தும் வளையத்தின் உறுதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஷட்டர் 1/4000 நொடியில் எடுத்த படத்தில் ஒரு பக்கம் மட்டும் இருண்டிருந்தால் அது பழுதடைந்துகொண்டிருக்கிறது. இறுதியாக, படி 4இல் சொன்ன ஓட்டச் சோதனையைச் செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 9: முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நீங்கள் உண்மையில் படம்பிடிக்கப் போகும் இடத்துக்கே கேமராவைக் கொண்டு செல்லுங்கள். ஷட்டர் வேகத்தை நீங்களும் அபெர்ச்சரைக் கேமராவும் தேர்ந்தெடுக்கும் ஷட்டர் முன்னுரிமை முறையில் 1/1000 நொடியை வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விடுங்கள். அதன் மேல்வரம்பை 6400இல் நிறுத்துங்கள். தொடர் ஃபோகஸ், நடுப்பகுதிப் புள்ளிகளின் சிறு கூட்டம், ஜேபெக் வடிவம் என்று தொடங்குங்கள். ஃபோகஸ் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்புறம் கட்டைவிரல் படும் பொத்தானுக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். குறுக்கே நடுவர் கடக்கும்போது கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். முந்நூறு படங்கள் எடுத்தபின் அவற்றைக் கணினித் திரையில் பெரிதாக்கி, கெட்டவற்றை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். உடல் முழுதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறியது. எல்லாம் தெளிவாக இருந்தும் மணல்போல் புள்ளிகள் நிறைந்திருந்தால் ஒளி போதவில்லை. முதல் குவியல் பெரிதானால் அமைப்பை மாற்றுங்கள். மூன்றாவது பெரிதானால் லென்ஸை மாற்றுங்கள். பயிற்சிக்குப் பிறகும் இரண்டாவது பெரிதாகவே இருந்தால், கெடு முடிவதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.